மெட்டல் ரசிகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சித்திரை வெயிலிலும் கறுப்பு டி-ஷர்ட் அணிந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும். நீல டிக் விழும், பதில் வராது. அதுவும் ஆண்டுதோறும் நடப்பதுதான்.

வழக்கமான நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதாந்திரக் கேட்பு அமர்வுகள் நடந்தன. டிசம்பர் அமர்வு மழையால் ஜனவரிக்குத் தள்ளிப்போனது. கிட்டார் செட்டப் பயிற்சி ஒரு ஞாயிறு நடந்தது. மெட்டல் இசையின் முன்னோடியான பிளாக் சப்பாத் குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13இல் வெளிவந்தது. அதன் 55ஆம் ஆண்டையொட்டி ஒரு கூட்டம் நடத்தினோம், சமோசா வழங்கப்பட்டது. அந்தக் கூட்டத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள்.

இனி, சென்ற பொதுக்குழுவில் என் பொறுப்பில் விடப்பட்ட ‘எண்பதுகளின் பாப்’ என்ற கேட்பு அமர்வுத் தொடர். இதைப் பற்றித் தேவையில்லாத பேச்சு நிறையக் கிளம்பியிருப்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அறிவிப்பு போன அன்றே சிலர் குழுவிலிருந்து வெளியேறினார்கள். “அடுத்தது என்ன, டிஸ்கோ லைட்டா?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். சங்கத்தின் மானம் போய்விட்டதாகவும் சொன்னார்கள்.

மெட்டலுக்கும் எண்பதுகளின் பாப்புக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. அது அப்போதே போட்ட முடிச்சு. மைக்கேல் ஜாக்சனின் ‘பீட் இட்’ பாடலில் வரும் கிட்டார் சோலோ, வான் ஹேலன் ஹார்ட் ராக் குழுவின் எட்டி வான் ஹேலன் வாசித்தது, அதுவும் காசு வாங்காமல். அதே எட்டி 1984இல் கிட்டாரைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் ‘ஜம்ப்’ வாசித்து, அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தார். பெங்களூர் பேலஸ் மைதானத்தில் 2007இல் அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் குழுவைப் பார்த்த கதையை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லும் நம் நண்பர்களுக்கு ஒன்று: 1986இல் வந்த அவர்களுடைய ‘சம்வேர் இன் டைம்’ ஆல்பத்தில் கிட்டார் சிந்தசைசர் இருக்கிறது. அதே ஆண்டு இன்னொரு மெட்டல் குழுவான ஜூடாஸ் பிரீஸ்ட் ‘டர்போ’வில் செய்ததும் அதையேதான்.

ஜூடாஸ் பிரீஸ்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. 1988இல் பாரிஸில் ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மேன் என்ற பாப் தயாரிப்பாளர்கள் மூவரோடு சேர்ந்து மூன்று பாடல்களைப் பதிவு செய்தார்கள். ரிக் ஆஸ்ட்லியையும் கைலி மினோகையும் பட்டிதொட்டியெல்லாம் ஒலிக்கவிட்ட அதே மூவர்தான். அந்தப் பாடல்களை ஆல்பத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். ஆனால் அவர்களின் பாடகர் ஹால்ஃபோர்ட் அந்த ஸ்டுடியோவுக்குள் போனார் என்பதே எனக்குப் போதும். அவர் போகலாம், நான் மொட்டை மாடியில் ஒரு பாட்டுப் போடக் கூடாதா?

ஒலியைப் பற்றியும் ஓர் அமர்வு நடத்தினோம். பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்துக்காக ஃபில் காலின்ஸ் வாசித்த டிரம்ஸை, பொறியாளர் ஹியூ பேட்கம் லண்டன் ஸ்டுடியோவில் ஒரு தனி விதமாகப் பதிவு செய்தார். அறையின் எதிரொலி பெரிதாக எழும்பும். அடங்குவதற்குள் வெட்டென நின்றுவிடும். அடுத்த ஆண்டு காலின்ஸின் சொந்தப் பாட்டில் அது உலகம் முழுக்கக் கேட்டது. அப்புறம் அந்தப் பத்தாண்டில் பாப்பிலும் சரி, ஹார்ட் ராக்கிலும் சரி, ஸ்னேர் டிரம் அடி என்றாலே அந்தச் சத்தம்தான். ஏசி/டிசி ராக் குழுவின் ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தைத் தயாரித்த மட் லாங்தான் 1984இல் தி கார்ஸ் குழுவின் பாப் ஆல்பத்தையும், 1987இல் டெஃப் லெப்பர்டின் ‘ஹிஸ்டீரியா’வையும் தயாரித்தார். ஒரே கைப்பக்குவம். கேட்டால் தெரியும். கேட்க வந்திருந்தால்.

தொடரில் அதிகம் பேசப்பட்டது கவர் பாடல்கள் அமர்வு. ஒரிஜினலை முதலில் போட்டு, உடனே மெட்டல் குழுவின் வடிவத்தைப் போடுவது என்பது ஏற்பாடு. டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸின் ‘ஷவுட்’, அதன்பின் டிஸ்டர்ப்டு. டெபெஷ் மோடின் ‘எவ்ரிதிங் கவுன்ட்ஸ்’, அதன்பின் இன் ஃப்ளேம்ஸ். டெபெஷ் மோடின் ‘ஸ்ட்ரிப்டு’, அதன்பின் ராம்ஸ்டைன். யூரித்மிக்ஸின் ‘மிஷனரி மேன்’, அதன்பின் கோஸ்ட். டெபெஷ் மோடின் ‘என்ஜாய் தி சைலன்ஸ்’ பாடலை லக்கூனா காய்ல் வடிவத்தோடு போட நினைத்தபோது, அது 1990இல் வந்தது, எண்பதுகளில் சேராது என்று ஓர் உறுப்பினர் ஆட்சேபித்தார். இந்தத் தொடரையே வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவர் அவர். வேண்டாதவருக்கு வெளியான ஆண்டு வரை எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்குக் கடைசிப் பாட்டு பிரான்ஸ்கி பீட் குழுவின் ‘ஸ்மால்டவுன் பாய்’. ஊரை விட்டு ரயிலேறிப் போகும் பையனின் பாட்டு. 1984இல் வந்தது. கோதிக் மெட்டலின் முன்னோடிகளில் ஒன்றான பாரடைஸ் லாஸ்ட் குழு, இருபதாண்டு ஆவதற்கு முன்பே அதை எடுத்து வாசித்துவிட்டது. ஒரிஜினல் தொடங்கியதும் நம் சங்கத்தின் மிகக் கறாரான டெத் மெட்டல் ரசிகர் எழுந்து, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். படிக்கட்டுத் திருப்பம் வரை போனவர் அங்கேயே நின்றுவிட்டார். பாடகர் ஜிம்மி சோமர்வில்லின் குரல் உச்சத்துக்கு ஏறும் இடத்தில், ஹெல்மெட் கண்ணாடியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே, வரிக்கு வரி வாயசைத்தார். பாட்டு முடிந்ததும் விறுவிறுவென்று இறங்கிப் போனார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அவர் சந்தா கட்டிவிட்டார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

எண்பதுகள் என்றால் ராஜாவைப் போட வேண்டியதுதானே என்றும் சிலர் கேட்டார்கள். ராஜாவை எதிர்ப்பவர் இந்தச் சங்கத்தில் ஒருவர்கூட இல்லை. அவருக்காக வாதாட ஒரு தொடர் எதற்கு?

சந்தா விஷயத்துக்கு வருகிறேன். உறுப்பினர் பட்டியலில் பாதிக்கு மேல் நிலுவை. இதில் கவனிக்க வேண்டியது, தொடரை எதிர்த்து நீளநீளமாக எழுதியவர்களும் நிலுவைப் பட்டியலில் இருப்பவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். சங்கத்தின் கொள்கையைக் காப்பாற்றுவதற்கு முன் சங்கத்தின் வாடகையைக் காப்பாற்றினால் நன்றாக இருக்கும். பெங்களூர் கச்சேரிக்கு வேன் என்றால் மட்டும் ஜன்னலோர சீட்டுக்கு அடிதடி. அன்றைக்குத்தான் சிலரை நானே முதன்முதலாகப் பார்க்கிறேன். பழைய உறுப்பினராம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மொத்தத்தில் வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்த அளவு, கையிருப்பு ஏதோ இருக்கிறது. ‘இதர செலவு’ என்ன என்று கேட்டவருக்கு: டீ. கேட்டவரும் குடித்திருக்கிறார்.

மொட்டை மாடி அறையைக் குறைந்த வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டு உரிமையாளருக்கும், சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும், ஆலோசனைகள் வழங்கிய தலைவருக்கும், தன் சொந்த ஆம்ப்ளிஃபையரைக் கொடுத்து உதவிய பொருளாளருக்கும் நன்றி. பாப் தொடர் நடந்த நாட்களில் பக்கத்து வீட்டாரிடமிருந்து புகாரே வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டு அம்மா ஒரு நாள் மாடி ஏறி வந்து, மடோனா இல்லையா தம்பி என்று கேட்டார். அவரையே உறுப்பினராகச் சேர்த்தால் சந்தாவாவது ஒழுங்காக வரும் என்று தோன்றியது.

வரும் ஆண்டு பற்றி. வலது ஸ்பீக்கர் இரைகிறது. டெத் மெட்டலில் அது தெரியாது, டெபெஷ் மோடில் தெரிகிறது. அறை வாடகை ஜூலையில் ஏறும் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். தொடரின் இரண்டாம் பகுதிக்குப் பட்டியல் தயார்: பெரும்பாலும் எண்பதுகளின் பாப் பாடல்களைக் கொண்டே ஆல்பம் போட்ட ஜெர்மனியின் அட்ராசிட்டி, ஃபின்லாந்தின் நார்தர்ன் கிங்ஸ். பிளாக் மெட்டலில் தொடங்கி சிந்த்-பாப்புக்கே போய்ச் சேர்ந்த நார்வேயின் உல்வர் குழுவுக்குத் தனி அமர்வு. இதை வேறு யாராவது நடத்த முன்வந்தால் பட்டியலையும் அறைச் சாவியையும் இன்றைக்கே கொடுத்துவிடுகிறேன். செயலாளர் பதவிக்கான வேட்புமனுப் படிவமும் என்னிடம்தான் இருக்கிறது. இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்காத வரை நானே தொடர வேண்டியிருக்கும், தொடரும் தொடரும்.

கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டாம். வாசலருகே ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் உட்கார்ந்திருக்கிறார், ஜிபேயும் உண்டு. டீ அவரைத் தாண்டி அந்தப் பக்கம் வைக்கப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்