மினரல் வாட்டர் பெட்டிகள் வந்து சேர்ந்தன, ஒய்.பி. அவர்களே

மாண்புமிகு (ஒய்.பி.) சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்தீர்கள். அர்ச்சனை முடிந்ததும் லோரியிலிருந்து 41 பெட்டி மினரல் வாட்டரை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். வீட்டுக்கு ஒரு பெட்டி. அன்று ராத்திரியே உங்கள் பேஸ்புக்கில் படம் வந்துவிட்டது. ‘தோட்ட மக்களின் தண்ணீர்ப் பிரச்சினைக்குத் தீர்வு’ என்று மேலே எழுதியிருந்தது. உங்கள் கையிலிருந்து பெட்டியை வாங்குகிற அந்த நரைமுடி அம்மா என்னைப் பெற்றவர். சிரித்துக்கொண்டிருக்கிறார். கேமராவைப் பார்த்தால் யாரும் சிரிக்கத்தானே செய்வார்கள்.

பெட்டிகளுக்கு நன்றி. வெயில் காலம், குடிக்க உதவியது. ஆனால் அந்தத் ‘தீர்வு’ என்ற சொல்லைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

மலேசியாவில் எந்தத் தோட்டம், எந்த டவுன் என்று இதில் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும். பெயரைப் போட்டால் புது நிர்வாகத்தின் கோபம் முதலில் எந்த லயத்தின், எந்த வரிசை வீடுகளின் மேல் விழும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

பழைய கதையையும் முழுக்கச் சொல்லப் போவதில்லை. தோட்டம் கைமாறியது, செம்பனையை (எண்ணெய்ப் பனையை) வெட்டினார்கள், வேலை போனது, ஆளுக்கு ஒரு தொகையைக் கொடுத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள், நாங்கள் மாட்டோம் என்றோம். இந்தக் கதையை மேடையில் எங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் நீங்கள். சொல்லித்தான் ஓட்டு வாங்கினீர்கள். அப்போது உங்களை ‘அண்ணே’ என்று கூப்பிட்டோம். இப்போது சேவை மையத்து வாசலில் நிற்கும் பையன் ‘ஒய்.பி. என்று சொல்லுங்கள்’ என்று திருத்துகிறான். சரி, அப்படியே சொல்கிறேன்.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. 41 வீட்டுக்கும் அவரவர் பெயரில் தண்ணீர் மீட்டர். அதற்கு வேண்டியது ஒரு கடிதம்.

முன்பெல்லாம் தோட்டம் முழுவதற்கும் கம்பெனி பெயரில் ஒரே பெரிய மீட்டர்தான். அங்கிருந்துதான் லயங்களுக்குக் குழாய். புதிதாக வாங்கியவர்கள் அந்தக் கணக்கை மூடிவிட்டார்கள். எங்களுக்குத் தனித்தனி மீட்டர் போடுங்கள் என்று தண்ணீர் அலுவலகத்துக்குப் போனோம். நில உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். உரிமையாளரிடம் போனோம். முதலில் வீட்டைக் காலி செய்யுங்கள், அப்புறம் பேசலாம் என்றார்கள். காலி செய்த வீட்டுக்கு மீட்டர் எதற்கு என்று எங்கள் செயலவையில் ஒரு அக்கா கேட்டார். பதில் இல்லை. நில அலுவலகத்துக்குப் போனோம். மேலிடம் சொன்னால் செய்கிறோம் என்றார்கள். மேலிடம் யார் என்றோம். ‘உங்கள் ஒய்.பி.யைக் கேளுங்கள்’ என்றார்கள்.

கேட்டோம். மூன்று முறை மகஜர் கொடுத்தோம். மூன்று முறையும் நீங்கள் வாங்குகிற மாதிரி படம் இருக்கிறது, பதில்தான் இல்லை.

இப்போது வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், தண்ணீர் லோரி வருகிறது. எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியாது. காலை பத்துக்கு வரலாம், சாயங்காலம் நாலுக்கும் வரலாம். டிரைவர் ஓஸ் பைப்பை இழுத்து டிரம்மில் விடுவார், நிரம்பியதும் அடுத்த வீடு. வாசலில் ஆள் இல்லாத வீட்டைத் தாண்டிப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு இன்னும் இரண்டு இடம் பாக்கி இருக்கிறது. பைப் வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டித்தான் அம்மா தண்ணீர் பிடிப்பார். துணியில் ஒவ்வொரு முறையும் காப்பித்தூள் மாதிரி ஏதோ தங்கும். அதை உதறி, கழுவாமல், வெயிலில் போடுவார். கழுவத் தண்ணீர் செலவாகுமே.

அம்மாவுக்கு இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் உண்டு. டவுன் கிளினிக்கில் தேதி போட்டுக் கொடுப்பார்கள். போன இரண்டு தவணையும் செவ்வாய்க்கிழமையில் விழுந்தன. அம்மா போகவில்லை. நான் வேலைக்குப் போய்விட்டேன், என் மனைவியும் தொழிற்சாலையில். டிரம் பக்கத்தில் நிற்க வீட்டில் வேறு ஆள் இல்லை. ‘கிளினிக் அடுத்த மாசமும் இருக்கும், லோரி இருக்காது’ என்றார். மருந்து தீர்ந்து ஒன்பது நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பாதி மாத்திரை கடன் வாங்கிப் போட்டிருக்கிறார். வீட்டில் சீனியும் அரிசியும் கடன் வாங்கிப் பார்த்திருக்கிறேன். மாத்திரைக் கடன் எனக்குப் புதுசு.

இந்த அம்மா ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனவர். மரத்தை அழித்துச் செம்பனை வந்த பிறகு முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து பேராகுவாட் என்ற களைக்கொல்லியை அடித்தார். 2020 ஜனவரி 1 முதல் அந்த விஷத்தை நாட்டில் தடை செய்துவிட்டார்கள். அம்மா அதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டார். மருந்தடித்துவிட்டு வந்தால் பொதுக் குழாயடியில் தலையோடு குளித்து முடிக்கும் வரை எங்களைக் கிட்டே சேர்க்க மாட்டார். அவருக்குத் தண்ணீரின் அருமையைப் பாட்டிலில் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

மீட்டருக்கு ஏன் இவ்வளவு இழுபறி என்று நாங்களும் யோசித்தோம். பணம் காரணம் கிடையாது. பில் கட்டுகிறோம், குழாய்ச் செலவிலும் பங்கு தருகிறோம் என்று எழுதியே கொடுத்துவிட்டோம். காரணம் வேறு. என் அம்மா பெயரில் ஒரு தண்ணீர் பில் வந்தால், இந்த விலாசத்தில் இப்படி ஒருவர் வாழ்கிறார் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த மாதிரி. நாளைக்கு வழக்கு என்று வந்தால் அந்தத் துண்டுத் தாள் பேசும். தாள் இல்லாவிட்டால் நாங்கள் ஆக்கிரமிப்பாளர்கள். இங்கே பிறந்து, இந்தக் கோயிலில் காது குத்தி, இந்தத் தோட்டத்துச் சுடுகாட்டில் அப்பாவை வைத்துவிட்டு வந்த நான் ஆக்கிரமிப்பாளன். தண்ணீரை நிறுத்துவதும் ஒரு வகையில் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ்தான். நோட்டீஸை ஒட்டினால் கிழித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகலாம். வராத தண்ணீரை எதைக் காட்டி வழக்குப் போடுவது?

சட்டம் எங்களுக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். வகுப்பு எடுத்ததே உங்கள் ஆட்கள்தானே. 1990-இல் வந்த 446-ஆம் சட்டம், லயத்தில் தங்க வைக்கும் தொழிலாளிக்குத் தண்ணீரும் மின்சாரமும் நிர்வாகத்தின் பொறுப்பு என்கிறது. வேலையிலிருந்து நிறுத்தியதும் நாங்கள் அந்தச் சட்டத்துக்கு வெளியே வந்துவிட்டோம். சரி. தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறதே? 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றுவதென்றால் அதற்கும் மாநில அரசு கையெழுத்துப் போட வேண்டும். நிலம் மாநிலத்தின் அதிகாரம், அரசியலமைப்பிலேயே அப்படித்தான். அந்தக் கையெழுத்தின் போது, குடியிருப்போருக்குத் தண்ணீரை வெட்டக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். மாற்று வீடு தர வேண்டும் என்று இன்னொரு வரியும் சேர்த்திருக்கலாம். இங்கே வரப்போகும் தாமானுக்கு, அதாவது புது வீடமைப்புக்கு, நுழைவாயில் வளைவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நிபந்தனை இருக்கிறதாம். வளைவுக்கு நேரம் இருந்திருக்கிறது.

இது முடியாத காரியமும் இல்லை. சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பக்கத்து ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் போராடித்தான் வீட்டுத் திட்டம் வரை வந்தார்கள். புக்கிட் ஜாலில் தோட்டத்து மக்கள் இருந்த இடத்திலேயே நாலு ஏக்கர் கேட்டு நின்றார்கள். நாங்கள் ஏக்கர் கேட்பது அப்புறம். இப்போது கேட்பது மீட்டர். அதற்கு ஒரு கடிதம்.

போன மாதம் காலி டிரம்களோடு உங்கள் சேவை மையத்துக்கு முன்னால் நின்றோம். இருபது பேர் இருக்கும், பெரும்பாலும் பெண்கள். நீங்கள் உள்ளேதான் இருந்தீர்கள், உங்கள் கார் வெளியே நின்றது. கொஞ்ச நேரத்தில் போலீஸ் வந்தது. ஐந்து பேரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி வாக்குமூலம் எடுத்தார்கள். கூட்டத்துக்கு ஐந்து நாளுக்கு முன் அறிவிப்புக் கொடுத்தீர்களா என்று கேள்வி. அறிவிப்புக் கொடுக்காததைக் குற்றமாக்கிய பிரிவு செல்லாது என்று 2025 ஜூலை 1-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதை எங்கள் அக்கா போலீஸ்காரருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இப்படி வாசலில் நிற்க எங்களுக்குக் கற்றுக் கொடுத்ததே நீங்கள்தான், ஒய்.பி. அன்றைக்கு வாசல் வேறு ஒருவருடையது.

மே தினக் கூட்டத்தில் எஸ்.ஏ. கணபதியைப் பற்றிப் பேசினீர்கள். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர், 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள் என்று நீங்கள் சொன்னபோது அரங்கமே அமைதியானது. எனக்கும் கண் கலங்கியது. 1941 கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தையும் சொன்னீர்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் அன்றைக்கு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. கைதட்டினோம். கூட்டம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது தோட்டத்து முகப்பில் புதிதாகப் போட்ட தடுப்புக் கம்பியில் காவலுக்கு நிற்கும் ஜாகா என்னை நிறுத்தினார். மோட்டாரை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கொடுத்து, நோட்டில் பெயர் எழுதிவிட்டு, நான் பிறந்த வீட்டுக்குப் போனேன்.

நகராண்மைக் கழகத்தில் முறையிடலாமே என்று உங்கள் உதவியாளர் யோசனை சொன்னார். யாரிடம்? உள்ளாட்சித் தேர்தலை 1965-இல் நிறுத்தினார்கள், 1976 சட்டத்தோடு மூட்டையே கட்டிவிட்டார்கள். எங்கள் வட்டாரக் கவுன்சிலர் யாருடைய ஓட்டிலும் ஜெயித்தவர் இல்லை, கட்சி போட்ட ஆள். எதிர்க்கட்சியில் இருந்தபோது உள்ளாட்சித் தேர்தல் வேண்டும் என்று நீங்கள் துண்டறிக்கை அடித்தீர்கள். பசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், நின்று அதை விநியோகித்தவன் நான். மிச்சம் ஒரு கட்டு இன்னும் வீட்டில் கிடக்கிறது. வேண்டுமென்றால் திருப்பித் தருகிறேன், தாள் நல்ல கனமாக இருக்கிறது, எலி கூடக் கடிக்கவில்லை.

மன்னிக்கவும். கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். அம்மா படித்தால் திட்டுவார். ‘வீடு தேடி வந்த மனுஷனை இப்படியா எழுதுவது’ என்பார். அவர் இன்னும் உங்களைத் தம்பி என்றுதான் சொல்கிறார். அடுத்த தேர்தலிலும் உங்களுக்குத்தான் போடுவாராம். என்னைப் பற்றி அப்படி உறுதி சொல்ல முடியாது.

ஆகவே பணிவோடு கேட்கிறேன். மாநில அரசிடம் பேசி, நில உரிமையாளரின் சம்மதத்துக்காகக் காத்திராமல் எங்களுக்குத் தனி மீட்டர் போடலாம் என்று ஒரே ஒரு கடிதம் வாங்கித் தாருங்கள். நிலம் யாருக்கு, வீடு எங்கே என்ற வழக்கெல்லாம் அதன் பாட்டுக்கு நடக்கட்டும். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் கொடுங்கள். அதை எங்கே கொண்டு போக வேண்டுமோ அங்கே கொண்டு போகிறோம்.

நேரில் வருவதானால் ஞாயிறு வேண்டாம். திருவிழா கூட்டத்தில் பேச முடியாது. ஒரு செவ்வாய்க்கிழமை வாருங்கள், படம் எடுக்கும் தம்பி இல்லாமல். காலை பத்திலிருந்து லோரி வரும் வரை எங்கள் டிரம் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தருகிறேன். அந்த நேரத்தில் நான் அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்துவிடுவேன்.

பாட்டில்களைக் குடித்து முடித்தாகிவிட்டது. காலி பாட்டில்களை அம்மா எறியவில்லை. லோரித் தண்ணீரைப் பிடித்து மூடி, அடுப்படியில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். உங்கள் படம் போட்ட ஸ்டிக்கர் இன்னும் உரியவில்லை.

இப்படிக்கு,
மூன்றாவது லயத்திலிருந்து,
ஒரு காலத்தில் உங்களுக்குக் கொடி கட்டியவன்