ஊஞ்சலுக்கு மேலே வேண்டாம்

கும்பகோணம்,
வைகாசி 28

அடியே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதாததற்கு முழங்கால் வலி என்று ஒரு காரணம் சொல்லலாம். கையால்தானே எழுதுகிறாய் என்று நீ திருப்பிக் கேட்பாய். சோம்பல், வேறொன்றுமில்லை.

இங்கே எல்லாரும் சௌக்கியம். நாளைக்கு ஜூன் 12, வழக்கமாக மேட்டூர் அணை திறக்கிற நாள். மேட்டூர், தண்ணீர், குறுவை, கீரைக்காரம்மா வாயிலும் அதே பேச்சுதான். எங்கள் படித்துறையில் இன்னும் மணல்தான், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மாமியாருக்குக் காது இன்னும் கொஞ்சம் மந்தம், மற்றபடி என்னைவிடத் திடமாக இருக்கிறார். எண்பத்தெட்டு முடியப்போகிறது.

சரி, உன் தாமரைக்கு வருகிறேன். மகள் கொண்டுவந்த வண்ணக் கண்ணாடித் தாமரையைக் கூடத்தில் ஊஞ்சலுக்கு மேலே உத்தரத்தில் தொங்கவிடப் போகிறேன், நூல் போதுமா கம்பி வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். நூலா கம்பியா என்பது அப்புறம். ஊஞ்சலுக்கு மேலே வேண்டாம். முப்பது வருஷம் பௌதிகம் நடத்தின திமிரில் சொல்கிறாள் என்று நினைக்காதே. ஒரு கண்ணாடிக் கிளியைப் பறிகொடுத்தவள் சொல்கிறேன்.

அந்தக் கதையை உன்னிடம் சொல்லவே இல்லை, வெட்கமாக இருந்தது. மாப்பிள்ளை வாங்கித் தந்த கிளி அது. இரண்டு உள்ளங்கை அகலம், என்ன பெரிய கனம் இருந்துவிடப் போகிறது என்று தூண்டில் நரம்பில் கட்டி மேற்கு ஜன்னலில் தொங்கவிட்டேன். நரம்பு கண்ணுக்கே தெரியாது. சாயங்கால வெயிலில் கிளி அந்தரத்தில் நிற்கும், தரையில் பச்சையும் சிவப்புமாக வெளிச்சம் ஆடும். வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கோடை போயிற்று, ஒரு மழைக்காலம் போயிற்று. அடுத்த ஆடியில் ராத்திரி இரண்டு மணிக்குச் சளாரென்று ஒரு சத்தம். பூனை என்று சொல்லிவிட்டு இவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் போய் விளக்கைப் போட்டால், மாமியாரின் சாய்வு நாற்காலிக்குள் கிளி சில்லுச் சில்லாகக் கிடக்கிறது. பகல் இரண்டு மணியாக இருந்தால் அதில் மாமியார் இருந்திருப்பார்.

மறுநாள் நரம்பை எடுத்துப் பார்த்தேன். முடிச்சுப் போட்ட இடத்தில் அறுந்திருந்தது. நைலான் வெயிலில் உள்ளுக்குள்ளேயே நைந்துபோகும், மேலுக்குப் புதுசு மாதிரிதான் இருக்கும். போதாக்குறைக்கு முடிச்சு விழுந்த இடம் எப்போதுமே பலவீனம். அட்டையில் பத்து கிலோ தாங்கும் என்று போட்டிருந்தான். புது நரம்பு, முடிச்சு இல்லாமல், வெயில் படாமல் இருந்தால் தாங்கும். இதை நான் பிள்ளைகளுக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன், கேட்டுக்கொள்! உறிஞ்சி ஒட்டுகிற ரப்பர் கொக்கியும் அதே ஜாதிதான். கண்ணாடி சூடாகி ரப்பர் தளர்ந்தால் காற்றுப் புகுந்து விட்டுவிடும்.

உன் தாமரை ஒன்றரை அடிக்கு ஓர் அடி என்கிறாய். 3 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு ஏழரை கிலோ. அந்தக் கணக்கில் கண்ணாடி மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல், ஈயமும் சட்டமும் சேர்ந்தால் ஒன்றரை கிலோ என்று வைத்துக்கொள். சமையலறைத் தராசில் ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிடு.

அடுத்தது, மேலே இருக்கிற வளையங்களைக் கவனி. இந்த மாதிரி வேலையில் ஒவ்வொரு கண்ணாடித் துண்டின் விளிம்பிலும் பசை தடவிய செப்பு நாடாவைச் சுற்றி, துண்டும் துண்டும் சேருகிற இடத்தில் பற்று உருக்கி ஓட்டுவார்கள். அந்தப் பற்று வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. நம் வீட்டு ஈயச்சொம்பு சுத்த வெள்ளீயம், அதையே ரசம் இல்லாமல் அடுப்பில் வைத்து உருக்கின ஆள் நீ. இது அதைவிடச் சீக்கிரம் உருகும், அதைப் போலவே மெத்தென்று வளையும். வளையத்தை வெறும் ஓர நாடாவில் ஒட்ட வைத்திருந்தால் என்றைக்காவது நாடாவோடு உரிந்து வரும். உள்ளேயிருந்து வருகிற, பற்று ஓட்டிய ஒரு கோடு ஓரத்தைத் தொடுகிற இடத்தில் வளையம் இருந்தால் அந்தக் கோடு முழுக்கக் கனத்தைத் தாங்கும். சுற்றிலும் பித்தளைச் சட்டம் அடித்து அதில் வளையம் இருந்தால் இன்னும் நல்லது. ஒரே ஒரு வளையம், அதுவும் வெறும் ஓரத்தில் என்றால் தொங்கவிடாதே, ஜன்னல் திண்டில் சாய்த்து வைத்து அடியில் ஒரு தடுப்புக் கட்டை கொடு.

இரண்டு வளையம் இருக்கிறதென்றால் இரண்டுக்கும் தனித்தனிச் சங்கிலி, நேர் செங்குத்தாக. சுவாமி படம் மாட்டுகிற மாதிரி இரண்டையும் சேர்த்து நடுவில் ஓர் ஆணியில் மாட்டிவிடாதே. துணிக்கொடியை விறைப்பாகக் கட்டினால் ஈரப் புடவை போட்டதும் ஏன் அறுந்துபோகிறது, சொல்? கயிறு எவ்வளவு படுக்கையாக இருக்கிறதோ அவ்வளவு இழுப்பு. உன் ஒன்றரை கிலோவை நேராகத் தொங்கவிட்டால் ஒரு சங்கிலிக்கு முக்கால் கிலோ. சங்கிலி படுக்கைக்கு 30 டிகிரியில் சாய்ந்திருந்தால் ஒவ்வொன்றிலும் ஒன்றரை கிலோ. 10 டிகிரி என்றால் நாலு கிலோவுக்கு மேலே. அந்த இழுப்பு மேல் மூலைகள் இரண்டையும் உள்பக்கமாக நெருக்கும், மெத்தென்ற ஈயம் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுக்கும், கடைசியில் கண்ணாடி விரியும்.

சங்கிலிக்கு நான் நாச்சியார்கோவில் போனேன். குத்துவிளக்குப் பட்டறை ஒன்றில் தொங்குவிளக்குச் சங்கிலி கேட்டதும், எத்தனை படி எண்ணெய் பிடிக்கிற விளக்கு என்று கேட்டார் அந்தப் பெரியவர். விளக்கு இல்லை, கண்ணாடி என்றதும் ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் ஒவ்வொரு கண்ணியாக விரலால் தடவிப் பார்த்து, வாய் பற்றவைத்ததை மட்டும் பொறுக்கி நறுக்கிக் கொடுத்தார். வாய் திறந்த கண்ணி கனம் ஏறினால் விரிந்துவிடும். உன் ஊர் உப்புக்காற்றுக்கு இரும்பு ஆகவே ஆகாது. பித்தளை போடு, பச்சை பூத்தால் புளி வைத்துத் தேய்த்துக்கொள்ளலாம். எவர்சில்வர்தான் வேண்டுமென்றால் கடையில் 316 ரகம் என்று கேட்டு வாங்கு, கடலோரத்துக்கு அதுதான் தாங்கும். மாட்டுகிற கொக்கியின் வாயையும் குறடால் நெருக்கி மூடச் சொல். 2018 நவம்பர் 16 விடியற்காலையை நீ மறந்திருக்க மாட்டாய். கஜா புயல் கூரை ஓடுகளையே பெயர்த்துக்கொண்டு போன உன் வீட்டில், வாய் திறந்த கொக்கியிலிருந்து ஒரு தாமரை கழன்று வர எவ்வளவு நேரம் ஆகும்?

இடம் எது என்கிறாயா? மகள் தெற்கு ஜன்னல் என்று சொல்லியிருப்பாள். அவள் இருக்கிற குளிர்தேசத்துக்கு அது சரி, அங்கே உச்சிப்பொழுதில் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கேதான் நிற்கும், குளிர்காலத்தில் ரொம்பத் தாழ்வாக. நாம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரிக்குள். சித்திரையில் உச்சிவெயில் நட்டநடுத் தலையில். இப்போது வைகாசி ஆனியில் சூரியன் நமக்கு வடக்கே போய்விட்டது. மார்கழியில்கூட உச்சிப்பொழுதில் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்கு ஜன்னலில் மாட்டினால் கார்த்திகை, மார்கழி, தையில் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும், மற்ற மாதமெல்லாம் தாமரை அழுக்குக் கண்ணாடி மாதிரி தொங்கும். கிழக்கு ஜன்னல்தான் உனக்கு. காலை ஏழு மணிக்கு வெயில் படுக்கையாக வரும், உன் ரேழித் தரை முழுக்கத் தாமரை விழும். மேற்கிலும் அழகுதான், ஆனால் ஆடிக்காற்று அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கிறது, அதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம்.

அந்தக் கிழக்கு ஜன்னலுக்குத் தேக்கு நிலை இருக்கிறதே, கொக்கியை அதிலேயே போடு. சுவரில் ஆணி அடிக்காதே, உன் வீட்டுச் சுண்ணாம்புக் காரை ஒரு விரல்கடை உள்ளே போனதும் பொலபொலவென்று உதிரும். நிலையிலும், மேல்கட்டையின் அடிப்பக்கத்தில் போட்டால் கனம் திருகாணியை நேராக வெளியே இழுக்கும். முகப்பில் பக்கவாட்டில் போட்டால் மரமே தாங்கிக்கொள்ளும். ஆசாரியை முதலில் சின்னத் துளை போட்டுவிட்டுத் திருகச் சொல், இல்லாவிட்டால் பழைய தேக்கு பிளந்துகொள்ளும்.

கீழ் மூலைகள் இரண்டையும் ஜன்னல் கம்பியோடு மெல்லிய செப்புக் கம்பியால் தளர்வாகக் கட்டிவிடு. வேளாங்கண்ணியில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததே, அந்த மாதிரி மாதாகோவில் ஜன்னல்களுக்கும் இதே வித்தைதான். குறுக்கே இரும்புக் கம்பி கொடுத்து, ஈயக் கோட்டைச் செப்புக் கம்பியால் அதோடு கட்டுவார்கள். இல்லாவிட்டால் காற்றுக்கும் சூட்டுக்கும் ஈயம் தொய்ந்து கண்ணாடி தொப்பை போட்டுவிடும். உன்னுடையது ஆடாமல் இருந்தால் போதும். கண்ணாடிக்கும் கம்பிக்கும் இரண்டு விரல் இடைவெளி விடு.

அடியில் யாரும் உட்காரவோ படுக்கவோ முடியாதபடி ஏதாவது கனமாக வை. உன் பாட்டியின் நெல்லுப்பெட்டி இருக்கிறதே, அது போதும். குடிதண்ணீர்ப் பானை மட்டும் அந்தப் பக்கம் வேண்டாம். பற்றில் காரீயம் இருக்கிறது. அதில் வெள்ளையாகப் பொடி பூத்தால் ஈரத்துணியால் துடைத்து, துணியை எறிந்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. சின்னப் பேரன் எதைக் கண்டாலும் வாயில் வைக்கிறான் என்று நீயே எழுதியிருக்கிறாய், அவன் கைக்கு எட்டக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை, போகிக்கு ஒட்டடை அடிக்கும்போது, இறக்கி வளையத்தையும் கொக்கியையும் பார்த்துவிட்டு மறுபடி மாட்டு.

ஆசாரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் வளையம் இருக்கிற பக்கத்தைப் போட்டோ எடுத்துப் பேத்தியின் போனிலிருந்து அனுப்பு. பதினெட்டாம் பெருக்குக்கு இங்கே வந்துவிடு. தண்ணீர் வந்திருந்தால் படித்துறையில் சித்ரான்னம், வராவிட்டால் முற்றத்துக் குழாயடியில்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி

பி.கு.: கிளியில் வால் மட்டும் உடையாமல் கிடைத்தது. தையல் டப்பாவில் கிடக்கிறது. பொத்தான் தேடும்போதெல்லாம் கையில் தட்டுப்படுகிறது.