ஆணை போதாது, சட்டம் வேண்டும்

ஐயா,

இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு ஒன்றிய உள்துறை 2025 செப்டம்பரில் அளித்த விலக்கு குறித்த தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். 2015 ஜனவரி 9-ஆம் தேதிக்குள் வந்து பதிவு செய்துகொண்டவர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்று இனி வழக்குப் பாயாது. நிம்மதிதான். ஆனால் இது வெறும் ஆணை. அரசு நினைத்தால் இன்னோர் ஆணை போட்டு நாளைக்கே திரும்பப் பெறலாம். அகதிகளுக்கெனத் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. அண்டை நாட்டுச் சிறுபான்மையினர் சிலருக்குக் குடியுரிமைக்கு வழி செய்த 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்திலும் இலங்கையை விட்டுவிட்டார்கள். 1983 கலவரத்துக்குப் பின் வந்தவர்கள் பேரப்பிள்ளை எடுத்த பிறகும் இங்கே தற்காலிகமாகவே தங்கியிருக்கிறார்கள்.

என்னிடம் பிளஸ் டூ படித்த அகதி முகாம் மாணவி ஒருத்தி பிறந்ததே இராமநாதபுரம் மாவட்டத்தில்தான். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை; அவளுக்கு அது இல்லை. பொறியியல் முடித்து, வளாகத் தேர்வில் வேலையும் கிடைத்தது. சேரும்போது பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள். அகதி அடையாள அட்டையை நீட்டியதும் 'அப்புறம் சொல்கிறோம்' என்றவர்கள் சொல்லவே இல்லை. இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள்.

குடியுரிமைச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தி, முகாம்களில் பிறந்தவர்களுக்கு முதலில் குடியுரிமை வழங்கலாம். மற்றவர்களுக்கு நீண்டகால விசாவும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் விண்ணப்பிக்கும் உரிமையும் தரலாம். இலங்கைக்குத் திரும்ப விரும்புவோரை, விசா இல்லாமல் தங்கியதற்கு அபராதம் கேட்காமல் அனுப்பி வைக்கவும் அதே சட்டத்தில் வழி செய்ய வேண்டும்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், இராமநாதபுரம்