மாமா கேட்ட கேள்விக்குப் பதில்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து வெகு நாளாகிவிட்டது. பதில் போடாததற்கு நியூயார்க் குளிரைக் காரணம் சொன்னால் நம்புவீர்களா? வெளியே போய்விட்டு வந்தால் விரல் மடங்குவதற்கே நேரமாகிறது, வெந்நீரில் கையை வைத்த பிறகுதான் வயலினைத் தொட முடிகிறது. பக்கத்து வீட்டுக்காரர் டிராம்போன் ஊதுகிற ஆள். யாருக்கும் தொந்தரவு கூடாது என்று துணி அலமாரிக்குள் கோட்டுகளுக்கு நடுவே நின்று சாதகம் செய்கிறார். சத்தம் நன்றாகவே கேட்கிறது, ஆனால் அதை அவரிடம் யார் சொல்வது?

இசைக் கல்லூரியில் படித்தவர்கள் என்னதான் ஆகிறார்கள் என்று மாமா கேட்டிருந்தாரே, அவருக்கு இசை நடத்துநர் லியோனார்ட் பெர்ன்ஸ்டீன் கதையைச் சொல்லுங்கள். ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிற கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் படித்து முடித்து இரண்டே வருடம், 1943 நவம்பரில் நடத்த வேண்டிய புரூனோ வால்டருக்கு உடம்பு சரியில்லாமல் போக, ஒத்திகைகூட இல்லாமல் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். வயது 25. மறுநாள் பேப்பரில் முதல் பக்கம். மாமாவுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடித்தவர் இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ்தான். இங்கே நியூயார்க்கில் ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் படித்தவர், 1976-இல் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கிலேயே அவருடைய ஓபரா, அதாவது இசை நாடகம், நடந்தது, அதற்கப்புறமும் டாக்ஸி ஓட்டினார், குழாய் வேலையும் பார்த்தவர், நாற்பதைத் தாண்டித்தான் இசை சோறு போட்டது. அதனால் என் ராத்திரி வேலையைப் பற்றி அத்தை மகன் ஏதாவது உளறியிருந்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், சும்மா பொழுது போவதற்குத்தான் போகிறேன்.

போன மாதம் ஒரு ஆர்கெஸ்ட்ரா தேர்வுக்குப் போனேன். நடுவில் திரை, நமக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். காலடிச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாதென்று கீழே கம்பளம். எங்கே போனாலும் வாசிக்கச் சொல்லிக் கேட்கிற அதே ஸ்ட்ராஸ் இசை, 'டான் ஹுவான்' முதல் பக்கம். முடிப்பதற்குள் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து “தேங்க் யூ” வந்துவிட்டது. அங்கே நீங்கள் உட்கார்ந்து நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்புதான், இரண்டு ஸ்டேஷன் தாண்டிப் போய்த்தான் இறங்கினேன்.

சரி, அதை விடுங்கள். தங்கச்சியின் கர்ட்டிஸ் விண்ணப்பத்தைப் பணத்துக்குப் பயந்து நிறுத்த வேண்டாம். கர்ட்டிஸில் 1928-லிருந்தே யாருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. இடம் கிடைப்பதுதான் கஷ்டம், பின்னால் பெரிய பாடகியான நீனா சிமோனையே 1951-இல் வேண்டாம் என்றவர்கள், 2003-இல்தான் கௌரவப் பட்டம் கொடுத்தார்கள். விண்ணப்பத்துக்கு வாசித்து வீடியோ எடுக்கும்போது ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள். கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த மாதம் பேங்கில் ஏதோ தாமதம், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகன்