திங்கட்கிழமை வயிற்று வலி: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

கடலூர்

அன்பார்ந்த பெற்றோர்களே,

வணக்கம். காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டது. மதிப்பெண் பற்றிய கடிதம் வகுப்பாசிரியர்களிடமிருந்து தனியாக வரும். நான் எழுத வந்தது விடுப்புக் கடிதங்களைப் பற்றி.

அலுவலகத்தில் அவற்றைக் கோத்து வைத்திருக்கும் கோப்பை எப்போதாவது புரட்டுவேன். காய்ச்சல், அக்கா கல்யாணம், குலதெய்வம் கோயிலில் மொட்டை போடுதல் எல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். என் கண்ணில் படுவது வேறு. ஒரே பிள்ளையின் பெயரில், ஒரே கையெழுத்தில், ‘வயிற்று வலி காரணமாக’ என்று வரிசையாகக் கடிதங்கள் இருக்கும். தேதிகளைப் பார்த்தால் பாதி திங்கட்கிழமை, மீதி தேர்வு நாள். அம்மா வயிற்றுக்கு மருந்து வாங்கிக் கொடுத்திருப்பார், ஸ்கேனும் எடுத்திருப்பார். ஸ்கேனில் எந்தக் குறையும் இருக்காது. உடனே அப்பா முடிவு கட்டிவிடுவார்: “நடிக்கிறான்.”

பெரும்பாலும் நடிப்பில்லை, வலி உண்மையானது. அடிப்படையில் நான் விலங்கியல் ஆசிரியர். பாடம் எடுக்கும் பழக்கம் போகாததால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஆபத்து வந்துவிட்டது என்று மூளை முடிவு செய்ததும் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது. குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து கை கால் தசைகளுக்குத் திரும்புவதால் செரிமானம் தடைபடுகிறது. வயிறு பிசைகிறது, குமட்டுகிறது, அடிக்கடி கழிப்பறைக்குப் போகத் தோன்றுகிறது. வேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றுகிறது, விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகின்றன. தெருவில் நாய் துரத்தும்போது இது உயிரைக் காக்கும் ஏற்பாடு. நாயே இல்லாத தெருவில் தினமும் காலையில் இப்படி நடந்தால் அது பதற்ற நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை தேவை.

தேர்வுக்கு முந்தைய நாள் பயப்படாத பிள்ளை உண்டா? அதை நோய் என்று சொல்லவில்லை. அந்தப் பயம் வினாத்தாளைப் பிரித்த கால் மணி நேரத்தில் இறங்கிவிடும், அடுத்த நாள் மறந்தும் போகும். பதற்ற நோயில் பயம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடித்து, தூக்கம், சாப்பாடு, நட்பு, படிப்பு என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போகும். எல்லாப் பிள்ளைகளிடமும் அது ஒரே மாதிரி வருவதில்லை. சிலர் எதற்கெடுத்தாலும் கவலைப்படுவார்கள். அப்பா பைக்கில் போனால் விபத்து, அம்மா இருமினால் புற்றுநோய் என்று மனம் ஓடும். ஆறு மாதங்களுக்கு மேல் இப்படி நீடித்தால் மருத்துவர்கள் அதைப் பொதுப் பதற்ற நோய் என்று கணிக்கிறார்கள். சிலருக்குப் பத்துப் பேர் பார்க்கும்போது வாய் திறக்க முடியாது. விடை தெரிந்திருந்தும் எழுந்து சொல்லமாட்டார்கள், பள்ளிக் கழிப்பறைக்குக்கூடப் போகமாட்டார்கள். சின்ன வகுப்புகளில் அம்மாவை விட்டுப் பிரிவதே பெரும்பாடாகிவிடும்.

திடீரென்று வந்து ஆளையே உலுக்கிவிடும் இன்னொரு வகையும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கதையை, அவளும் அவள் அம்மாவும் சம்மதித்ததால், அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டின் குழாயைத் திருகிக்கொண்டிருந்தவளுக்கு நெஞ்சு படபடத்து மூச்சு முட்டியது. விரல்கள் விறைத்து மடங்கிக்கொண்டன. நாங்கள் பிரிக்கப் பார்த்தும் பிரியவில்லை. “டீச்சர், நான் செத்துடுவேனா?” என்று கேட்டாள். ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். இசிஜி சரியாக இருந்தது. அங்கே போய்ச் சேர்வதற்குள்ளேயே பாதி தணிந்தும்விட்டது. இதைப் பீதித் தாக்குதல் (பேனிக் அட்டாக்) என்பார்கள். அது அப்படித்தான்: சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும், உயிரை எடுக்காது. முதல் தடவை வரும்போது இதயத்தைப் பரிசோதித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் இதயம் சரியாக இருக்கிறது என்றதும் வீட்டில் விஷயத்தை முடித்துவிட்டார்கள். அவளுக்கு முடியவில்லை. அடுத்த வாரம் வேதியியல் ஆய்வகத்துக்குள் வரவில்லை. பிறகு இயற்பியல் ஆய்வகத்துக்கும். பிறகு கூட்டமான பஸ்ஸில் ஏற மறுத்தாள். அரையாண்டுத் தேர்வுக்குள் பள்ளிக்கே வராமல் நின்றுவிட்டாள்.

இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பதற்ற நோய் வளர்வது, பயம் தருவதைத் தவிர்ப்பதால். இன்று விடுப்பு கொடுத்தால் பத்து மணிக்கு வயிற்று வலி போய்விடும், பிள்ளை இட்லி கேட்டுச் சாப்பிடும், உங்களுக்கும் நிம்மதி. அந்தப் பத்து மணிக்கு மூளை ஒரு பாடம் படிக்கிறது: பள்ளி ஆபத்தான இடம், போகாததால் தப்பித்தோம். நாளை காலை வலி இன்னும் கூடுதலாக வரும். அதற்காக அடித்து இழுத்துக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவதும் தீர்வாகாது. அதையும் இங்கே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கொஞ்சம் கொஞ்சமாக, துணையோடு, பயத்துக்குள் போய் வரப் பழக்க வேண்டும். அதை முறையாகச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

தேர்வுக்கு முன்னால் பிள்ளையைத் திருவந்திபுரம் மலைக்கு அழைத்துப்போய் ஹயக்ரீவர் சன்னதியில் பேனாவை வைத்து எடுத்து வருகிறீர்கள். நானும் போகிறவள்தான். தர்காவில் ஓதிக் கயிறு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். மனத்துக்குத் தெம்பு தருவதை யாரும் விட வேண்டாம். ஆனால் மஞ்சள் காமாலைக்கும் டெங்குவுக்கும் சாமி கும்பிட்டுவிட்டு மருத்துவரிடமும் போகிறோம் அல்லவா? இதற்கும் அதே வழிதான். காற்று கருப்பு என்று வேப்பிலை அடிப்பவரிடம் மாதக்கணக்கில் அலைவதைத்தான் வேண்டாம் என்கிறேன். அதற்குள் ஒரு கல்வியாண்டே ஓடிவிடுகிறது.

மருத்துவர் முதலில் உடலைப் பார்ப்பார். தைராய்டு, ரத்தசோகை போன்றவையும் படபடப்பைத் தரும். வீசிங்குக்கு எடுக்கும் சில மருந்துகளும் தரும். எல்லா மருந்துச் சீட்டையும் கொண்டு போங்கள். பிறகு பேச்சு வழியிலான சிகிச்சை. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்பது அதன் பெயர். அறிவுரை சொல்வதோடு அது நின்றுவிடாது, பயிற்சி இருக்கும். வகுப்பில் வாசிக்கப் பயப்படும் பையன் முதலில் ஆசிரியர் அறையில் ஒருவரிடம் மட்டும் வாசிப்பான். அடுத்து இரண்டு நண்பர்களிடம். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்தபடியே ஒரு பத்தி. கடைசியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு குறள். ஒவ்வொரு படியிலும் பயம் ஏறும், ஓடாமல் நின்றால் இறங்கும். அது இறங்குவதை உடம்பே கற்றுக்கொள்ள வேண்டும். பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள் தேவைப்படலாம்.

சிலருக்கு மாத்திரையும் தருவார்கள். ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்றவை முழுப் பலன் தர நான்கு முதல் ஆறு வாரங்கள்கூட ஆகலாம். முதல் நாட்களில் குமட்டலோ தூக்கக் கேடோ வரக்கூடும். நான்காம் நாளே ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். தொடக்க வாரங்களில் பிள்ளை வழக்கத்துக்கு மாறாகக் கொந்தளித்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ உடனே தெரிவியுங்கள். இவை அடிமைப்படுத்தும் மாத்திரைகள் அல்ல. அல்பிரசோலம் போன்றவை அந்த ஆபத்து உள்ளவை. பக்கத்து வீட்டு அத்தை தூக்கத்துக்குப் போடுகிறார் என்று பாதி உடைத்துக் கொடுப்பதும், பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்குவதும் கூடவே கூடாது.

பலன் இருக்குமா என்று கேட்கும் அப்பாக்களுக்கு ஒரு கணக்கு. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 7 முதல் 17 வயது வரையிலான 488 பிள்ளைகள் 12 வாரங்கள் சிகிச்சை பெற்றார்கள். பேச்சு சிகிச்சையும் செர்ட்ராலினும் சேர்ந்து பெற்றவர்களில் சுமார் 81 விழுக்காட்டினர் நன்கு தேறினார்கள். பேச்சு சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 60, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 55, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 24 விழுக்காடு. தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருப்பதை விட இது எவ்வளவோ மேல்.

எங்கே போவது? மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். சிதம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு அண்ணாமலை நகரில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டுப் பதிய வேண்டும், கூட்டம் அதிகம், கையில் சாப்பாடு கொண்டு போங்கள். நேரில் போகத் தயங்குகிறவர்கள் முதலில் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை அது. இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மாத்திரை எழுதிக் கொடுப்பவர் மனநல மருத்துவர். பயிற்சி தருபவர் மருத்துவ உளவியலாளர். பலகையில் ‘கவுன்சலிங்’ என்று எழுதியிருப்பவர் எல்லாம் இந்த இருவரில் ஒருவர் அல்லர், படிப்பைக் கேட்டுவிட்டே உள்ளே போங்கள். பிள்ளை சாக வேண்டும் என்று சொன்னாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்; அன்றே, எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவானாலும்.

பெண் பிள்ளை, நாளை சம்பந்தம் பேசும்போது தெரிந்துவிடுமே என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவமனையின் கடமை. பள்ளியில் எந்தப் பதிவேட்டிலும் இதை எழுதமாட்டோம், மாற்றுச் சான்றிதழிலும் இருக்காது. தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்தான். படிப்பு நின்றுபோனாலும் அவர்கள்தான் பேசுவார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகி ஆற்றோர வீடுகளுக்குள் புகுந்தது. அந்தப் பகுதியிலிருந்து வரும் ஒரு சிறுமி வானம் இருட்டினாலே புத்தகங்களைப் பாலித்தீன் பையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொள்கிறாள். அன்று பாடம் எதுவும் காதில் ஏறாது. தேவனாம்பட்டினத்துப் பெற்றோர்கள் பலர் 2004 சுனாமியின்போது இவள் வயதில் இருந்தவர்கள். உங்களுக்குள்ளும் அந்தப் பயம் உட்கார்ந்திருக்கலாம். பதற்ற நோய் குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது என்பதால், பிள்ளைக்காகப் போகும் இடத்தில் உங்களுக்காகவும் ஒரு சீட்டுப் போட்டுக்கொள்வதில் தவறில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கப் போகிறது. தொலைக்காட்சியில் புயல் செய்தியை நாள் முழுவதும் ஓடவிடாதீர்கள். எங்கே தங்குவோம், யார் அழைக்க வருவார்கள் என்று பிள்ளையிடம் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஆய்வகத்தில் மூச்சு முட்டிய அந்தப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி சிதம்பரத்தில் சிகிச்சை பெற்றாள். முதலில் மாலையில் ஆளில்லாத ஆய்வகத்தில் அம்மாவோடு வந்து நின்றுவிட்டுப் போனாள். ஆய்வக உதவியாளர் எதுவும் கேட்காமல் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே இருப்பார். செய்முறைத் தேர்வை மற்றவர்களோடு சேர்ந்தே எழுதினாள், கை நடுங்கத்தான் எழுதினாள். உங்கள் பிள்ளைக்கும் அப்படிப் படிப்படியாக வர ஏற்பாடு செய்வோம்: முதல் வாரம் இரண்டு பாடவேளை மட்டும், கதவோரத்து இருக்கை, தேவைப்பட்டால் எழுந்துபோக ஒரு சீட்டு. மருத்துவர் தரும் குறிப்பைக் கொண்டு வந்தால் போதும்.

சனிக்கிழமை காலை 10 முதல் 12 மணி வரை என் அறையில் இருப்பேன். முதல் முறை பிள்ளையை அழைத்து வர வேண்டாம். அப்பா, அம்மா இருவரும் வர முடிந்தால் நல்லது. எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு வலி வருகிறது என்று இரண்டு வாரங்களுக்கு ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். மருத்துவரிடமும் அதே தாள் உதவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்