வேலைக்கும் இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை

பாம்பன்
28.09.2025

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. திருப்பூரில் எல்லோரும் சுகம் என்று படித்ததில் சந்தோஷம். உன் மகளும் என் பெரியவள் மாதிரி வெளிநாட்டுக்குப் படிக்கப் போக ஆசைப்படுகிறாள், தங்கச்சி வேண்டவே வேண்டாம் என்கிறது, உன் பிள்ளை அங்கே எப்படி இருக்கிறாள் என்று மறைக்காமல் எழுது என்று கேட்டிருந்தாய். மறைக்காமலே எழுதுகிறேன். ஐஸ் கம்பெனியில் இன்று வேலை இல்லை, உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது.

பெரியவள் ஜப்பான் போயிருக்கிறாள் என்று தெரிந்ததும் இங்கே எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை, எவ்வளவு சம்பளம்?" படிக்கப் போயிருக்கிறாள் என்றால், "டாக்டருக்கா?" இல்லை, பள்ளிக்கூடம்தான், ஒரு வீட்டில் அவர்கள் பிள்ளை மாதிரி இருந்து படித்துவிட்டு மார்ச்சில் திரும்பி வருவாள் என்று சொன்னால் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. ஆளை வெளியே அனுப்புவது நம் கரைக்குப் புதிது இல்லை. 1914-ல் ரயில் பாலம் வந்த பிறகு தனுஷ்கோடிக்கு ரயிலில் போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போனவர்கள் எத்தனை பேர்! மண்டபம் கேம்ப்பில் தங்கவைத்துக் குடும்பம் குடும்பமாக இலங்கைத் தோட்டங்களுக்கு ஏற்றினார்கள். இன்றைக்குக் கீழக்கரையில் வளைகுடாவில் ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் எல்லாமே பிழைப்புக்காகப் போனது. பெண் பிள்ளை தனியாக ஊரை விட்டுப் போகிறது என்றால் வாக்கப்பட்டுப் போகிறது என்றுதான் அர்த்தம். வேலைக்கும் இல்லாமல் கல்யாணத்துக்கும் இல்லாமல், இன்னொரு நாட்டு மனுஷர் எப்படி வாழ்கிறார்கள் என்று கூட இருந்து பார்த்துவிட்டு வர ஒரு பிள்ளை போகலாம் என்பது ஊருக்கு இன்னும் பழகவில்லை. எனக்கு அதுதான் மாப்பிள்ளை பெருமை.

அனுப்பியது ஏ.எஃப்.எஸ். என்கிற அமைப்பு. முதல் உலகப் போரில், 1915 வாக்கில், காயம்பட்டவர்களை ஏற்றிப் போக ஆம்புலன்ஸ் ஓட்டிய அமெரிக்கத் தொண்டர்கள் தொடங்கியது. இரண்டாம் போரும் முடிந்த பிறகு, ஒரு நாட்டுப் பிள்ளை இன்னொரு நாட்டு வீட்டில் உண்டு உறங்கி வளர்ந்தால் நாளைக்குச் சண்டை போட மனசு வராது என்று 1947-லிருந்து பள்ளிப் பிள்ளைகளை அனுப்ப ஆரம்பித்தார்கள். வைத்துக்கொள்கிற குடும்பத்துக்குக் காசு கிடையாது. நம் பிள்ளைக்கு ஒருத்தி தினமும் சோறு கட்டிக் கொடுக்கிறாள், அதற்கு யாரும் அவளுக்கு ஒரு பைசா கொடுப்பதில்லை. அதை நினைக்கிற போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அவள் இருப்பது ஷிகோகு தீவில், கோச்சி மாகாணத்துக் கடற்கரை ஊர். நம் கேரளக் கொச்சி இல்லை. தீவிலிருந்து தீவுக்குத்தான் போயிருக்கிறாள். அந்தத் தீவைப் பெரிய தீவோடு சேர்க்கிற செத்தோ பாலமும் 1988-ல்தான் திறந்தார்களாம், நம் ரோட்டுப் பாலம் திறந்த அதே வருஷம். அங்கே ஒரே பாலத்தில் மேலே கார், கீழே ரயில்.

முதல் வாரம் எல்லாம் இனிப்புதான். விருந்தாளிக்குச் செய்கிற எல்லாம் செய்தார்கள். அங்கே ராத்திரிதான் குளியல். முதலில் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுச் சுத்தமாகக் குளித்துவிட்டு, பிறகு தொட்டியில் இருக்கிற சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் இறங்கி உட்கார வேண்டும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் ஒரே தண்ணீர். இவளைத்தான் முதலில் போகச் சொல்வார்கள். பாட்டியும் பெரியவர்களும் காத்திருக்க நான் முதலில் போவதா என்று இவளுக்குக் கூச்சம். சொல்லவும் பாஷை வரவில்லை.

இரண்டாவது வாரம் அழ ஆரம்பித்துவிட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பள்ளியிலும் கேலி இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை புரியாத பேச்சைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்ததில் தலைவலி, உடம்பு அசதி, ராத்திரி எட்டு மணிக்கே தூக்கம். போவதற்கு முன்னால் ஜப்பான் பாஷையின் அடிப்படை எழுத்தான ஹிரகானா 46-ஐயும் படித்து வைத்திருந்தாள். ஆனால் பாடப் புத்தகம் முழுக்கக் கான்ஜி, சீனாவிலிருந்து வந்த எழுத்து. அன்றாடப் புழக்கத்துக்கு என்று அரசு வகுத்து வைத்ததே 2,136 எழுத்து. இங்கே வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்குகிற பிள்ளைக்கு அங்கே அறிவிப்புப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியவில்லை. "அப்பா, நான் இங்கே முட்டாளா இருக்கேன்" என்றாள். அந்த வார்த்தை என்னைக் குத்திவிட்டது.

என் வீட்டம்மா உடனே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று பிடிவாதம். நான் முடியாது என்றேன். அங்கே அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவே உள்ளூர்த் தொண்டர் ஒருவர் இருக்கிறார், அவருக்குத் தெரியப்படுத்தினோம், அவரும் வந்து பேசினார். ஒரு ராத்திரி அழுது முடித்துக் கதவைத் திறந்தால், தரையில் ஒரு தட்டில் தோல் சீவி நறுக்கிய பேரிக்காய், பக்கத்தில் ஒரு சின்ன முள்கரண்டி. வைத்தவர் கதவைத் தட்டவும் இல்லை, என்ன ஏது என்று விசாரிக்கவும் இல்லை. இதைச் சொன்னபோதுதான் என் வீட்டம்மா அழுகையை நிறுத்தினாள். அந்த ஜப்பான் வீட்டு அம்மாவைப் பிள்ளை "அம்மா" என்றே கூப்பிடுகிறாள் என்று கேட்டு முதலில் முகம் வாடினவள், "பிள்ளையை அவ கையில குடுத்தாச்சு, அம்மான்னு கூப்பிடாம வேற எப்படிக் கூப்பிடுவா" என்று தானே சமாதானம் ஆகிவிட்டாள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் அந்தம்மா இவளைக் கூப்பிட்டு, இனிமேல் சாப்பாட்டுத் தட்டு கழுவுவது உன் வேலை, குளிக்கப் போவது பாட்டிக்கும் தம்பிக்கும் பிறகு என்று சைகையும் பேச்சுமாகச் சொல்லியிருக்கிறாள். போனில் இதைச் சொல்லும்போது பிள்ளை குரலில் இருந்த சந்தோஷத்தை நீ கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து அழுகை குறைந்துவிட்டது.

சாப்பாட்டைப் பற்றித் தங்கச்சிக்குத்தான் பெரிய கவலை என்று எழுதியிருந்தாய். அங்கே கரையெல்லாம் சூரை மீன். தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்து, வைக்கோல் தீயில் மேலாக வாட்டி, உள்ளே பச்சையாகவே சாப்பிடுகிறார்கள். அது இவளுக்கு இன்னும் இறங்கவில்லை. ஆனால் முதல் நாள் சூப்புக் கிண்ணத்தை முகத்துக்குக் கொண்டு போனதும் நம் வீட்டு மாசிக் கருவாட்டுச் சம்பல் வாசனை அடித்ததாம்! சூரையை அவித்து, புகை போட்டு, கட்டை மாதிரி காயவைத்துச் சீவிப் போடுகிறார்கள். நம் மாசியும் அதே சூரைதானே. "ஆச்சி வாசனை வருதுப்பா" என்றாள்.

பள்ளியில் வெளிச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போட வேறு செருப்பு. வகுப்பையும் வராந்தாவையும் பிள்ளைகளே துடைக்கிறார்கள். இதெல்லாம் நீயும் கேள்விப்பட்டிருப்பாய், விட்டுவிடுகிறேன்.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது வேறு. பள்ளியில் ஒரு நாள் மணி அடித்ததும் எல்லோரும் பையைப் போட்டுவிட்டுப் பின்னால் இருக்கிற மேட்டுக்கு ஓடினார்களாம். சுனாமிக்கு ஒத்திகை. அந்த வீட்டுப் பாட்டி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, 1946 டிசம்பர் 21 விடியற்காலையில், நிலம் ஆடி அலை வந்திருக்கிறது. அதே கரையில் குரோஷியோ என்கிற ஊருக்கு, பெரிய நிலநடுக்கம் வந்தால் அலை 34 மீட்டர் வரை எழலாம் என்று 2012-ல் அரசு கணக்குச் சொன்னது. ஊர் கலைந்து போகவில்லை. ஏறி நிற்கக் கோபுரம் கட்டினார்கள், எந்த வீட்டுக்காரர் எந்த வழியில் ஓட வேண்டும் என்று வீடு வீடாக எழுதி வைத்தார்கள்.

இவள் வகுப்பில் தனுஷ்கோடியைப் பற்றிப் பேசியிருக்கிறாள். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில், பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் கடலோடு போனது, இடிந்து நிற்கிற சர்ச், பாம்பனில் ஏற்றுகிற புயல் கூண்டு எல்லாவற்றையும் பலகையில் படம் போட்டுக் காட்டினாளாம். தெரிந்த ஜப்பானிய வார்த்தை கொஞ்சம், மீதி படம். முடிந்ததும் ஒரு பையன் எழுந்து, "இப்போது உங்கள் ஊரில் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?" என்று கேட்டிருக்கிறான். அவளுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை மாப்பிள்ளை. நீயும் நானும் படித்த காலத்தில் யாராவது காட்டினார்களா? தனுஷ்கோடியை வெளியூர்க்காரனுக்குச் சுற்றிக் காட்டத் தெரிகிறது, நம் பிள்ளைக்கு ஓடக் கற்றுக்கொடுக்கவில்லை. சின்னவன் பள்ளியில் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்கத்தான் போகிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அனுப்பு. ஆனால் அவசரப்படாதே. 15 வயசு ஆக வேண்டும், பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு முடியட்டும். திரும்பி வந்து விட்ட வகுப்பை மறுபடி படிக்க வேண்டி வரலாம், அதற்கு இப்போதே மனசைத் தயார் பண்ணிக்கொள். இங்கிலீஷ் மார்க்கைப் பார்க்காதே. தன் துணியைத் தானே துவைக்கிறாளா, புரியாததைப் புரியவில்லை என்று வாய்விட்டுக் கேட்கிறாளா என்று பார். அப்புறம் போன். தினமும் பேசாதே. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும், இங்கே நாலரை, அங்கே எட்டு மணிக்குப் பேசுகிறோம். அனுப்பிய அமைப்புக்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். தினமும் அம்மா குரல் கேட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளை அந்த வீட்டுக்குள் போகவே போகாது, வாசலிலேயே நிற்கும்.

ஊரில் கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை, மீன் பாடும் சுமார்தான். புது ரயில் பாலம் ஏப்ரலில் திறந்ததைச் சொன்னேனே, நடுவில் பாலம் அப்படியே மேலே தூக்குகிறது, நீ குடும்பத்தோடு வந்து பார்க்க வேண்டும். தங்கச்சியை என் வீட்டம்மாவுக்குப் போன் போடச் சொல். நான் எழுதியதைவிட அந்த இரண்டாவது வாரத்தைப் பற்றி அவள் சொல்வதுதான் தங்கச்சிக்குப் பயன்படும். புதன்கிழமை ராத்திரி திருப்பூர் வண்டியில் நெத்திலிக் கருவாடும் கொஞ்சம் மாசியும் கொடுத்துவிடுகிறேன், பழைய பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்.

அன்புடன்,
உன் மச்சான்