விடுதிப் பிள்ளைகளுக்கான நமது சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத்தலைவர் ஆச்சி அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராத உறுப்பினர்களுக்கு இந்த அறிக்கை அஞ்சலில் போய்ச் சேரும். அவர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு 6 முறை கூட்டப்பட்டது. 2 முறை போதிய ஆள் வராமல் கலைந்தது. சுதந்திர நாள், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாள், பொங்கல் ஆகியவை, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் நம் விடுதியில் வழக்கம்போல் கொண்டாடப்பட்டன. ஜனவரி 4, பார்வையற்றோர் தொட்டு வாசிக்கும் புள்ளியெழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில் பிறந்தநாளில் வாசிப்புப் போட்டி நடந்தது. பிள்ளைகளை ஒரு நாள் ஆத்தங்குடிக்கு அழைத்துப்போனோம். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமென்ட்டை ஊற்றிப் பூக்கல் என்னும் பூப்போட்ட தரைக்கல் வார்ப்பதைப் பார்வையற்ற பிள்ளைகள் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டார்கள். சூளையில் சுடாமல் கல் எப்படி இறுகுகிறது என்று ஒரு பெண் கேட்டாள். வீடெல்லாம் அந்தக் கல்லைப் பதித்து அதன்மேல் பிறந்து வளர்ந்த நம்மில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்பதைப் பட்டறைக்காரர்தான் விளக்கினார்.

இனிச் சாய்தளம், அதாவது சக்கர நாற்காலி ஏற விடுதி வாசலில் கட்டிய சரிவுப் பாதை. இதைப் பற்றி வெளியில் பலவாறு பேசப்படுவதால் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

விடுதி நடக்கும் வீடு நம் செட்டிநாட்டு வழக்கப்படி முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீண்டு போகும் பழைய வீடு. வெள்ளத்துக்குப் பயந்து பூம்புகாரிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வோம். அந்தப் பயத்தில்தானோ என்னவோ வீட்டைத் தெருவிலிருந்து தூக்கிக் கட்டிவிட்டார்கள். தண்ணீர் ஏறாது, சரி. சக்கர நாற்காலியும் ஏறாது. திண்ணை 30 அங்குல உயரம். சாய்தளத்துக்கு விதி 1க்கு 12: ஓர் அங்குலம் ஏற 12 அங்குல நீளம் வேண்டும். 30 அங்குலத்துக்கு 30 அடி. 36 ஆண்டு கணக்குப் பாடம் நடத்தியவன் சொல்கிறேன், இதில் பேரம் பேச ஒன்றுமில்லை. ஆனாலும் செயற்குழுவில் 12 அடி போதும், செலவு பாதியாகும் என்ற கருத்து பலமாக எழுந்தது. நான் வாதாடவில்லை. இரண்டு பலகைகளை அந்தச் சரிவில் சாய்த்து, நம் பொருளாளரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, தானே உருட்டிக்கொண்டு ஏறச் சொன்னேன். பாதி வழியில் பின்னோக்கி வந்த அவரை இரண்டு பேர் பிடித்தோம். 30 அடி அன்றே நிறைவேறியது.

தெருப்பக்கம் அத்தனை இடம் இல்லாததால் சுவரை ஒட்டிப் போய், நடுவில் மூச்சு வாங்க ஒரு சமதளம் வைத்து, திரும்பி ஏறுகிறது. இருபுறமும் கைப்பிடிக் குழாய். உள்ளே ஒவ்வொரு நிலைப்படிக்கும் தச்சர் ஆப்புப் பலகை செய்து கொடுத்தார். படி விளிம்புகளில் மஞ்சள் பட்டை அடித்தோம். மங்கலாகவேனும் பார்வை உள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பட்டைதான் கண். திண்ணையின் அழகு போய்விட்டது என்று இரண்டு கடிதங்கள் வந்தன. போனது உண்மைதான். மதிப்பீட்டைவிடச் செலவு கூடியதும் உண்மைதான். கூடிய தொகையில் ஒரு பகுதியை யார் போட்டார் என்பது பொருளாளருக்குத் தெரியும். அதை இங்கே சொல்வதாக இல்லை.

அடுத்து மாலைத் துணை. சென்ற பொதுக்குழுவில் கைதட்டலோடு நிறைவேறிய தீர்மானம் நினைவிருக்கும்: பள்ளி விட்டபின் 6 மணி முதல் எட்டரை வரை, நாளுக்கு இரண்டு உறுப்பினர்கள் விடுதியில் இருந்து படிப்புக்கும் மற்ற வேலைகளுக்கும் துணைநிற்பது. அன்று 26 பேர் பெயர் கொடுத்தார்கள். ஆடியில் 9 பேர் இருந்தோம். ஐப்பசி மழைக்குப் பிறகு 4 பேர்: நான், துணைத்தலைவர் ஆச்சி, ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், தையற்கடைத் தம்பி ஒருவர்.

விலகியவர்களில் சிலர் இரண்டு பேர் விதியைக் காரணம் சொன்னார்கள். எந்த உறுப்பினரும் எந்தப் பிள்ளையுடனும் மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது என்பது விதி. “என்னையே சந்தேகப்படுகிறீர்களா?” என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். அவரைச் சந்தேகப்படவில்லை. நடந்ததை வாய்விட்டுச் சொல்ல முடியாத பிள்ளைகளும், சொன்னாலும் நாம் புரிந்துகொள்ளாத பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தவறு நடந்ததென்று தெரிந்தும் புகார் செய்யாமலிருப்பதே குற்றம். விதி எனக்கும் சேர்த்துத்தான். அதை மாற்றப்போவதில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறோம், பிரெய்லிலும் ஒட்டியிருக்கிறோம்.

துணை என்றால் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு, நாங்கள் செய்த தவறுகளையே சொல்கிறேன். பிரெய்ல் எழுதும் சட்டகத்தில் ஊசியால் குத்தி எழுதும்போது வலமிருந்து இடமாக எழுதவேண்டும், தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாக வாசிக்கலாம். இது தெரியாமல், தலைகீழாக எழுதுகிறான் என்று ஒரு பையனை ஒரு வாரம் திருத்தினார் நம்மவர் ஒருவர். பையன் மரியாதைக்குப் பொறுத்துக்கொண்டான். இன்னொரு நாள் மின்சாரம் போனது. பார்வையற்ற பிள்ளைகள் தங்கள் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள், நாங்கள் டார்ச்சை அவர்களிடம்தான் கொண்டு ஓடினோம். காது கேளாத பிள்ளைகளுக்கு இருட்டில் சைகை தெரியாது, உதடு தெரியாது, பேச்சே நின்றுவிடும். சிறியவன் ஒருவன் தூணைக் கட்டிக்கொண்டு நின்றான். இப்போது அவசர விளக்கு முதலில் அவர்கள் அறைக்கு.

ஆயாவிடம் கற்றது ஒன்று உண்டு. கை சரியாக வராத பிள்ளைக்குச் சட்டை போடுகையில் எல்லாப் பொத்தானையும் அவரே போட்டுவிட்டு, கடைசி ஒன்றை மட்டும் பிள்ளையிடம் விடுகிறார். அது பழகியபின் கடைசி இரண்டு. நான் போனால் இரண்டு நிமிடத்தில் முழுச் சட்டையும் போட்டுவிடுவேன். “ஐயா, நீங்கள் போட்டால் நாளைக்கும் நீங்கள்தான் வரவேண்டும்” என்றார். நாளைக்கு யார் வருகிறார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

இதற்கு நேர்மாறாக, பிறந்தநாள் விருந்துக்கு நம்மில் பஞ்சமே இல்லை. இந்த ஆண்டு 41 விருந்துகள். நன்றி. ஆனால் ஒன்றைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். பெயர் வேண்டாம். ஏழு மணிக்கு வரவேண்டிய சாப்பாடு ஒன்பதே காலுக்கு வந்தது. படம் எடுக்க வாகாகக் கட்டில்களையும் டிரங்குப் பெட்டிகளையும் இடம் மாற்றினார்கள். அதில் கால் இடித்துக்கொண்டவர்கள் மூன்று பேர். கண் தெரியாத பிள்ளை அந்த அறையைக் காலால் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. பெட்டி ஒரு முழம் நகர்ந்தால் அத்தனையும் அழிந்துபோகும். வலிப்பு மாத்திரையைச் சாப்பிட்டபின் போடும் ஒரு பையன் அன்று பத்து மணிக்குத்தான் போட்டான். தூங்கியது அதற்கும் பிறகு. நள்ளிரவு தாண்டி வலிப்பு வந்தது. தாமதத்தால்தான் என்று மருத்துவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

பாத்திரங்களை எடுத்துப்போக ஆள் வராததால் நான் அங்கேயே படுத்திருந்தேன். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். நாம் எல்லோரும் அப்படித்தானே பார்த்து வளர்ந்தோம்? ஆயா, “சாவி வேண்டாம் ஐயா, மணி பாருங்கள்” என்று சொல்லிவிட்டு, பையனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குத் துண்டை மடித்து வைத்து, பக்கத்திலிருந்த நாற்காலியைத் தள்ளிவிட்டார். வாயில் எதையும் திணிக்கவில்லை, கையைக் காலைப் பிடித்து அமுக்கவுமில்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ் அழைக்கவேண்டும். இரண்டரை நிமிடத்தில் நின்றது. அந்த இரண்டரை நிமிடம் கடிகாரத்தைப் பார்த்ததே இந்த ஆண்டு நான் செய்த உருப்படியான வேலை என்று என் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே விருந்து ஏழரைக்குள் முடியவேண்டும், பொருள்களை நகர்த்தக்கூடாது, படம் எடுக்கக் காப்பாளரின் அனுமதி வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அதன்பின் வந்த விருந்துகள் குறைந்துவிட்டன. அதையும் பதிவு செய்கிறேன்.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வரவைவிடச் செலவு சற்று மிகுதி. “சற்று” என்பது தணிக்கையாளரின் சொல். ஆண்டுச் சந்தா 600 ரூபாய், மாதம் 50. உறுப்பினர்கள் 112, செலுத்தியவர்கள் 47. சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருப்பவர்களைக் குறை சொல்வது நம் வழக்கம். பட்டியலைப் பார்த்தேன், பாக்கியில் பெரும்பகுதி விடுதியிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது.

காப்பாளர் அம்மாவுக்கும், ஆயாக்களுக்கும், கொத்தனாருக்கும், தச்சருக்கும், இன்று மண்டபம் தந்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் குளியலறைகளில் வழுக்காத கல் பதிக்கவேண்டும். ஈரமான பூக்கல்லில் ஊன்றுகோல் நிற்பதில்லை. செயலாளர் பொறுப்புக்கு வேறொருவர் முன்வந்தால் மகிழ்வேன். முழங்கால் முன்போல் இல்லை. சில மாதங்களாக நானும் படியை விட்டுச் சாய்தளத்தில்தான் ஏறுகிறேன். நீளம் சரியாகத்தான் இருக்கிறது.

மாலைத் துணையில் திங்கள், செவ்வாய், வியாழன் நடக்கின்றன. புதனும் வெள்ளியும் காலி. பெயர் எழுதும் நோட்டு, பந்திக்குப் போகும் வழியில் மேசைமேல் இருக்கிறது. பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன்.